மூன்று நாள் திறக்காத கதவு

வானொலி மறையுரை: ஆகஸ்ட் 1, புனித அல்போன்ஸ் மரிய லிகோரி திருநாள்



இன்று திரு அவை புனித அல்போன்ஸ் மரிய லிகோரியின் திருநாளைக் கொண்டாடுகிறது. ரெடம்டரிஸ்ட் துறவற சபையை நிறுவியவர், ஆயர், மறைவல்லுநர், ஒப்புரவு அருளடையாளம் வழங்கும் குருக்களின் பாதுகாவலர் என்று அவரைப் பற்றிப் பலமுறை கேட்டிருப்பீர்கள். குருவாகும் முன் அவர் வக்கீலாக இருந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் மறையுரைகள் அந்த வக்கீல் வாழ்க்கையை இரண்டே வரியில் முடித்துவிடும். ஒரு வழக்கில் தோற்றார். உலகம் மாயை என்று உணர்ந்து இறைவனைத் தேடிப் போனார். இன்று அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் சற்று நிற்போம். நம் பங்குகளில் கருப்பு அங்கி அணிந்து உழைக்கும் வழக்கறிஞர்களையும் அவர்கள் குடும்பங்களையும் மனத்தில் வைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.

அல்போன்ஸ் 1696-ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் ஓர் உயர்குடியில் பிறந்தார். தந்தை அரசுப் போர்க்கப்பல் ஒன்றின் தலைவர், கண்டிப்பான மனிதர். மூத்த மகன் நீதித்துறையில் உச்சிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. 16 வயதிலேயே மகன் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். பட்டமளிப்பு அங்கி அந்தச் சிறிய உருவத்தையே மூடிவிட்டது, பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். பிள்ளை வளர்வதற்கு முன்பே அங்கியைத் தைத்து வைத்துவிடுகிறோம்.

வாதாடத் தொடங்கிய பிறகு அவர் எந்த வழக்கிலும் தோற்கவில்லை என்று சொல்வார்கள். 1723-இல், அவருக்கு 26 வயது நடக்கும்போது, ஒரு பெரிய நிலவுடைமை வழக்கு வந்தது. ஒரு பக்கம் நேப்பிள்ஸ் நாட்டுப் பிரபு, இன்னொரு பக்கம் தஸ்கனி நாட்டை ஆண்டவர். அல்போன்ஸ் மணிக்கணக்கில் அழகாக வாதாடினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஓர் ஆவணத்தை எடுத்துக் காட்டினார். அல்போன்ஸ் பலமுறை படித்திருந்த அதே ஆவணம்தான். ஆனால் அதிலிருந்த முக்கியமான பகுதி அவர் கண்ணில் படாமல் போயிருந்தது. நீதிபதிகள் மேல் அரசியல் செல்வாக்கும் இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது எப்படியிருந்தாலும், அல்போன்ஸ் நிறைந்த நீதிமன்றத்தில் தலைகுனிந்து வெளியேறினார். வீட்டுக்குப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் சாப்பிடவில்லை. வெளியே வரவும் இல்லை.

அன்பர்களே, புனிதர் வரலாறாகப் படிக்கும்போது இந்த மூன்று நாள் நமக்குத் தியானம் மாதிரித் தெரிகிறது. கதவுக்கு வெளியே தட்டோடு நின்ற தாய்க்கு அது தியானமாகத் தெரிந்திருக்குமா? "மகனே, ஒரு வாய் சாப்பிடு" என்று கெஞ்சுகிற தாய்க்கு உள்ளே இருப்பவர் பிற்காலத்தில் பீடத்தில் வைக்கப்படுவார் என்பது தெரியாது. கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வேண்டுதல்.

இன்றும் நம் ஊர்களில் அப்படிச் சாத்திய கதவுகள் உண்டு. வழக்கறிஞர் தொழில் வெளியிலிருந்து பார்க்கக் கம்பீரமான தொழில். உள்ளே அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வக்கீலாகத் தொழில் செய்பவர் இன்னொரு இடத்தில் முழுநேரச் சம்பளத்துக்கு இருக்கக் கூடாது, விதி அனுமதிக்காது. தன்னைப் பற்றி விளம்பரம் செய்யவும் கூடாது. ஆகவே பெயர் ஒன்றுதான் முதல். "அவருக்கு இப்போ உடம்பு சரியில்லையாம், மனசு சரியில்லையாம்" என்று கோர்ட் வளாகத்து டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பினால் கட்சிக்காரர் அடுத்த வக்கீலிடம் போய்விடுவார். தூக்கம் வராத இரவுகளை அவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஜூனியர்களின் நிலை இன்னும் கடினம். சீனியரின் கட்டுகளைச் சுமந்து, வாய்தா வாங்கி, மாலையில் அலுவலகம், இரவில் மறுநாள் வழக்குப் பட்டியல். பல இடங்களில் பேருந்துச் செலவுக்குக்கூடப் போதாத தொகைதான் கையில் வந்தது. 2024 ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கும், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது அது. சீனியர்களாக இருக்கும் கிறிஸ்தவ சகோதரர்களே, உங்கள் ஜூனியருக்கு அது கிடைக்கிறதா? பதில் எனக்கு வேண்டாம். உங்கள் மனச்சான்றுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதமே, 2024 ஜூலை 1 முதல், 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளாக 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று நாக்கிலேயே வைத்திருந்தவர்கள், இனி 103, 318 என்று புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அறுபது வயதில் மறுபடியும் மாணவர். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பயமும் உண்டு.

இதற்கெல்லாம் மேலே, அவர்கள் நாள் முழுவதும் கேட்பது யாருடைய கதை? விவாகரத்து, பாகப்பிரிவினை, விபத்து, குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை. கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எங்களுக்கு அந்தப் பாரம் ஓரளவு புரியும். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காக்க வேண்டியது கட்சிக்காரரின் இரகசியம். உங்கள் சொந்த வேதனையையும் அதோடு சேர்த்துப் பூட்டி வைக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அல்போன்ஸ் வக்கீலாக இருந்தபோது தமக்கென்று 12 விதிகளை வகுத்துக்கொண்டதாக வரலாறு சொல்கிறது. அநீதியான வழக்கை ஏற்கக் கூடாது, கட்சிக்காரருக்கு வீண்செலவு வைக்கக் கூடாது என்பவை எல்லாரும் எடுத்துக்காட்டும் விதிகள். யாரும் அதிகம் பேசாத ஒரு விதியும் அதில் இருக்கிறது. தன் திறமைக்கும் உடல் வலிமைக்கும் நேரத்துக்கும் மீறி வழக்குகளைச் சுமந்துகொள்ளக் கூடாது என்பது அது. நேர்மையைப் பற்றிய விதிகளோடு களைப்பைப் பற்றிய விதியையும் அவர் சேர்த்து வைத்தாரே, அதைக் கவனியுங்கள். களைத்துப்போனவர் நல்லவராக இருந்தாலும் ஆவணத்தில் ஒரு வரி கண்ணுக்குத் தப்பிவிடும்.

விவிலியத்தில் அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். கார்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற எலியா அடுத்தபடியாக எங்கே இருக்கிறார்? பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில். உயிரே வேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். தோற்றவருக்கு மட்டும் வருவதல்ல இந்தச் சோர்வு. வழக்கில் வென்று மாலையோடு வீட்டுக்குப் போனவருக்கும் வரும். அப்போது வானதூதர் வந்து அறிவுரை சொல்லவில்லை. "உனக்கு நம்பிக்கை போதாது" என்று கண்டிக்கவும் இல்லை. தட்டி எழுப்பினார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் பிறகுதான். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அப்பம் கொடுக்கும் முன் மறையுரையைத் தொடங்கிவிடுகிறோம்.

மனச்சோர்வில் இருக்கும் வக்கீலிடம் "செபமாலை சொல்லுங்கள், எல்லாம் சரியாகும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். செபமாலை சொல்லட்டும், மருத்துவரையும் பார்க்கட்டும். புனித அல்போன்சே பாவமில்லாததையும் பாவமோ என்று எண்ணி வதைபடும் மனக்கலக்கத்தோடு நெடுங்காலம் வாழ்ந்தவர். அதில் அவர் தம் தீர்ப்பை நம்பாமல், தம் ஆன்ம வழிகாட்டியின் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பெரிய ஒழுக்க இறையியல் அறிஞருக்கே இன்னொருவர் தேவைப்பட்டார்.

வழக்கறிஞர்களே, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. கட்சிக்காரருக்காக எத்தனையோ பிரிவுகளை எடுத்து வாதாடுகிறீர்கள். இந்த ஒன்றை உங்களுக்காகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாசலில் நிற்கத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். எந்த நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

வழக்கு நடத்துகிற மற்ற நம் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்கு வக்கீலை அழைத்து "என் கேஸ் என்னாச்சு" என்று கேட்பவர் நாம். வாய்தா போனால் "எதிர்க்கட்சியிடம் விலை போய்விட்டார்" என்று ஊரெல்லாம் சொல்பவரும் நாம். ஒப்புக்கொண்ட கட்டணத்தை மறந்துவிடுவதும் நாமே. பாகப்பிரிவினை வழக்கை அடுத்த வாய்தா வரை ஒத்திப்போடலாம். அந்த மனிதரின் இரவுத் தூக்கத்தை அப்படி ஒத்திப்போட முடியாது.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு அல்போன்ஸ் கதவைத் திறந்து வெளியே வந்தார். உடனே குருமடத்துக்குப் போகவில்லை. தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில், முன்பே பழகிய கட்டில்களுக்கு இடையே பணிவிடை செய்யப் போனார். கடவுளின் அழைப்பை அங்கேதான் கேட்டார் என்கிறது வரலாறு. 1726-இல் குருவானார். 1787-இல், ஏறத்தாழ 91 வயதில், இதே ஆகஸ்ட் முதல் நாளில் இறைவனடி சேர்ந்தார்.

இன்றைய திருப்பலியின் மன்றாட்டில் உங்கள் பங்கிலுள்ள வழக்கறிஞர்களை, அவர்களுடைய ஜூனியர்களை, குமாஸ்தாக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் இருந்த ஒருவரைத் துயரத்தில் இழந்த குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், இன்று மாலை அந்த வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

புனித அல்போன்ஸ் மரிய லிகோரியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.