மண்ணிற் புதைத்த கம்பி

கிணற்றடியில் ஒரு கோலை அறைந்து, அதிலிருந்து செப்புக் கம்பியொன்றை நீரிறைக்கும் மோட்டரின் உடலுக்கு இணைத்துவிட்டால் அபாயம் நீங்கியது என்று பலர் நம்புகின்றனர். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி மறைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். மின்னோட்டம் அவ்வாறு மறைவதில்லை. தான் புறப்பட்ட மின்மாற்றிக்கே திரும்ப அது வழி தேடுகின்றது. மண் அதற்கொரு வழி, அதுவும் கரடுமுரடான வழி.

கணக்கொன்று பார்ப்போம். கோலுக்கும் மண்ணுக்குமிடையே தடை 20 ஓம் என்க. மோட்டரினுள்ளே உயிர்க்கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொடுகின்றது. 230 வோல்ற்றை 20 ஆற் பிரித்தால் வருவது பதினொன்றரை அம்பியர். 15 அம்பியர் உருகி இதற்கு உருகாது. மோட்டரும் ஓடிக்கொண்டேயிருக்கலாம், அதன் உடலோ கொல்லத்தக்க மின்னழுத்தத்துடன் நிற்கும். ஈரக்காலுடன் வரும் கமக்காரர் இதனை எவ்வாறு அறிவார்? யாழ்ப்பாணத்திற் போலச் சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த இடங்களிற் கோலை ஆழமாக இறக்குவதே கடினம். கோடையில் மண் காய, தடை மேலும் கூடும்.

ஆகவேதான் உருகியோடு நில்லாது, மக்கள் ‘ட்ரிப் சுவிச்’ என வழங்கும் ஆளியும் வேண்டப்படுகின்றது. உயிர்க்கம்பியிற் போகும் ஓட்டமும் நொதுமற்கம்பியில் மீளும் ஓட்டமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிடும். 30 மில்லியம்பியர் வழிதவறினால், 0.3 செக்கனுக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அப்படியாயின் கோல் எதற்கு என்று கேட்கலாம். புவிக்கம்பி இருந்தால், கசிவு தோன்றியவுடனே ஆளி விழும். அது இல்லையேல், யாரேனும் தொடும்வரை கசிவுக்கு வழியில்லை. அப்பொழுது வழியாவது மனித உடலே.

மின்கம்பியில் அமரும் காகத்திற்கு ஏதும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. குளியலறையில் வெந்நீர்க் கருவியையும் உலோகக் குழாயையும் ஒரே புவிக்கம்பியுடன் பிணைப்பதன் நோக்கமும் இதுவே: ஒரு கை இங்கும் மறு கை அங்கும் பட்டாலும் இடையே பெரிய வேறுபாடு இராது. பிளாஸ்ரிக் குழாய்க்கு இது வேண்டியதில்லை.

மும்முனைச் செருகியின் நீண்ட முனை புவிக்கம்பிக்குரியது. அது முதலிற் பொருந்தி, கடைசியிற் பிரியும். மேல்துளையிற் குச்சியொன்றைக் குத்தி, இருமுனைச் செருகியைத் திணிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டே! உலோக உடலுள்ள கருவி அவ்வாறு இணைக்கப்படும்போது, புவிக்கம்பி சுவரோடு நின்றுவிடுகின்றது. ட்ரிப் சுவிச்சிற் சோதனைப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதனை அழுத்தியும் ஆளி விழாவிட்டால், அன்றே மின்வினைஞரை அழைத்தல் வேண்டும்.