தொலைவிலுள்ள மணிக்கூடுகள்



ஓர் அறையிலே இரண்டு மணிக்கூடுகள் இருப்பின், எது முந்துகின்றது, எது பிந்துகின்றது என்பதைக் கண்ணாற் கண்டே கூறிவிடலாம். அவை கடல் கடந்த இரு நாடுகளில் இருப்பின் என் செய்வது?

மணிக்கூட்டையே காவிச் செல்வது பழைய முறை. இலண்டன் மாநகரிலே பெல்வில் குடும்பத்தார் இதனை ஒரு தொழிலாகவே நடத்தினர். 1836 ஆம் ஆண்டில் ஜோன் ஹென்றி பெல்வில் தொடங்கிய அத்தொழிலை, அவருக்குப் பின் மனைவி மரியாவும், அடுத்து மகள் ரூத்தும் 1940 வரை தொடர்ந்தனர். கிறீனிச் வானாய்வு நிலையத்தில் தம் பைக்கடிகாரத்தை ஒப்பிட்டு, அதன் பிழையைக் குறித்த சான்றிதழுடன் வாடிக்கையாளரிடம் சென்று நேரத்தை விற்றனர். கடிகாரம் வழியிலே பிசகினால் விற்ற நேரமும் பிசகும் என்பதே இம்முறையின் குறை.

வானொலி அக்குறையைப் போக்கியது. 1924 முதல் பி.பி.சி. ஒலிபரப்பிய ஆறு நேரக்குறி ஒலிகள் வீட்டு மணிக்கூட்டைத் திருத்தப் போதுமாயிருந்தன. எனினும் வானொலி அலைக்கும் பயண நேரம் உண்டு. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்குரோசெக்கனில், அது ஏறத்தாழ 300 மீற்றர் செல்லும். 1955 இல் லூயி எசென், ஜாக் பரி ஆகிய இருவரும் இங்கிலாந்திலே சீசியம் அணுக்கடிகாரத்தை இயக்கிய பின்னர், இச்சிறு தாமதமும் பெரும் பிழையாகத் தோன்றலாயிற்று.

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. இரு நிலையங்களும் தத்தம் மணிக்கூடு பன்னிரண்டைக் காட்டும் கணத்தில் ஒன்றுக்கொன்று குறி அனுப்புகின்றன. பயண நேரம் 5 அலகு என்றும், இரண்டாவது மணிக்கூடு 1 அலகு முந்துகின்றது என்றும் கொள்வோம். முதலாவதன் குறி இரண்டாவதை அடையும்போது அங்கே பன்னிரண்டுக்கு மேல் 6 அலகு. இரண்டாவதன் குறி முதலாவதை அடையும்போது இங்கே 4 அலகு. ஆறிலிருந்து நான்கைக் கழித்துப் பாதியாக்கினால் 1. பயண நேரத்தை அறியாமலே விடை கிடைத்துவிட்டது. போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

1962 ஓகஸ்ற் மாதத்தில் டெல்ஸ்டார் செய்மதி வாயிலாகப் பிரித்தானிய, அமெரிக்க நேரங்கள் ஏறத்தாழ ஒரு மைக்குரோசெக்கன் அளவுக்கு ஒப்பிடப்பட்டன.

இன்று கப்பல்கள் செய்மதிகளைக் கொண்டே வழி அறிகின்றன. ஒரு செய்மதியின் கடிகாரம் ஒரு மைக்குரோசெக்கன் பிசகினால், அதிலிருந்து அளந்த தூரம் 300 மீற்றர் பிசகும். இரவில் கரை நாடும் மாலுமிக்கு இது சிறு பிழையன்று.

உலகின் பொது நேரத்தையோ எந்த ஒரு கடிகாரமும் தனித்து ஆளவில்லை. பல நாடுகளின் நானூறுக்கு மேற்பட்ட அணுக்கடிகாரங்களை ஒப்பிட்டே, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள சர்வதேச நிறை அளவைப் பணியகம் அதனைக் கணிக்கின்றது. மிகச் சிறந்த கடிகாரத்தின் பிழையும் பிறவற்றோடு ஒப்பிட்ட பின்னரே தெரிய வருகின்றது.