பீளமேட்டில் நின்ற கப்பல்



கோயம்புத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சித் துறைமுகம் போய்ச் சேர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆனாலும் 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை பீளமேட்டில் ஒரு 'கப்பலை' நிறுத்தியது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. அது ஒருநாளும் மிதந்ததில்லை. 1940இல் திறந்த விமான நிலையத்தை ஒட்டி அமைந்த, கடற்படை விமானங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பெரிய பட்டறை அது. கரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் என்றே பெயர் வைப்பது அந்தப் படையின் வழக்கம். உள்ளே தரைக்கு 'டெக்', சமையற்கட்டுக்கு 'கேலி' என்று பெயர். வாசலைத் தாண்டி வெளியே வந்தாலோ, 'கரைக்குப் போகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவினாசி சாலைதான் கரை!

ஏன் இந்த ஊர்? 1942 ஏப்ரலில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. கடலோரத்தில் பட்டறை வைத்தால் என்ன ஆகும் என்று அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், கொச்சிக்கு நேர் ரயில்பாதை, பைக்காரா நீர்மின்சாரம், லேத்தும் ஃபவுண்டரியும் பழகிய கைகள். போருக்குள் அவசரமாகப் பட்டறை தேடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் தண்ணீர் ஆழத்தில்தான் இருக்கும். மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்த கிணறுகளுக்கு 1930களில் மின்சாரம் வந்ததும் பம்புசெட்டுக்குத் தேவை பெருகியது. பி.எஸ்.ஜி. குடும்பத்தின் தொழிற்கூடம் 1926இலேயே தொடங்கிவிட்டது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரையே உள்ளூரில் செய்து காட்டினார்கள். ஆக, கருடா வந்தபோது இங்கே டர்னர், ஃபிட்டர், மோல்டர் என்ற பெயர்கள் யாருக்கும் புதிதில்லை.

பீளமேட்டுப் பட்டறைக்கு வந்து போன விமானங்களில் அமெரிக்கத் தயாரிப்பான கோர்செர் ஒன்று. அதன் எஞ்சினில் வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசையில் 18 சிலிண்டர்கள், 2,000 குதிரைத்திறன். அதை ஓவராயில் பண்ணுவது என்றால் சிலிண்டர் ஒவ்வொன்றையும் கழற்றி, கரி சுரண்டி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, பிஸ்டன் ரிங் இடைவெளியை மைக்ரோமீட்டரும் ஃபீலர் கேஜும் வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து பூட்டுவது. கிணற்று மேட்டில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வங்கக் கடலுக்கு மேல் நின்றுபோனால் பைலட் கதி அதோகதிதான். பிரிட்டிஷ் கடற்படையின் கைவினைஞர்களோடு உள்ளூர்த் தொழிலாளர்களும் அங்கே வேலை பார்த்தார்கள். மில்லிலும் பட்டறையிலும் பழகிய கைக்கு, அளந்து பார்க்காமல் நட்டு முறுக்கக் கூடாது என்ற கண்டிப்பு அங்கே ஏறியது.

1945இல் சூலூரிலும் ஒரு கடற்படை விமானத்தளம் வந்தது, எச்.எம்.எஸ். வைரி என்று. கொச்சியில் இருந்ததற்குப் பெயர் கலுகு, நம் கழுகேதான். விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் வைக்கிறவர்கள் உள்ளூர் மொழிப் பெயரையே தேடி எடுத்திருக்கிறார்கள். போர் முடிந்து 1946இல் பீளமேடும் சூலூரும் மூடப்பட்டன. வாடகைக்கடன் ஒப்பந்தத்தில் அமெரிக்கா கொடுத்த விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிலையில் இருந்தவற்றைக்கூடப் பல இடங்களில் கடலில் தள்ளினார்கள். தேய்ந்த பேரிங்கைக்கூடத் தூக்கி எறிய மனம் வராத நம்ம ஊர்ப் பட்டறைக்காரர் அதைப் பார்த்திருந்தால் நெஞ்சு அடைத்தே போயிருப்பார்.

பட்டறைப் பக்கம் அப்படியிருக்க, சீருடை போட்டவர்கள் கதை வேறு மாதிரி நகர்ந்தது. போரின்போது ராயல் இந்தியக் கடற்படை பல மடங்கு பெருத்து 30,000 பேரை ஒட்டி வளர்ந்தது. சென்னை மாகாணத்திலிருந்து நிறையப் பேர் சேர்ந்தார்கள். எஞ்சின் பிள்ளைகள் லோனாவாலாவில் 1945இல் தொடங்கிய சிவாஜி தளத்துக்கும், மின்சாரப் பிள்ளைகள் ஜாம்நகரில் 1942இல் தொடங்கிய வல்சுரா தளத்துக்கும் பயிற்சிக்குப் போனார்கள். போர் முடிந்ததும் படை பாதிக்கும் கீழே சுருங்கியது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மிஞ்சியது தொழில் ஒன்றுதான்.

சிலர் வேறு வழியிலும் வெளியேற்றப்பட்டார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் அது 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவி, ஏறக்குறைய 20,000 மாலுமிகளை இழுத்துக்கொண்டது. சென்னையில் அடையாறு தளமும் சேர்ந்துகொண்டது. 23ஆம் தேதி சரணடைந்தார்கள். பல நூறு பேர் வேலையிழந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு இந்தியாவும் சரி, பாகிஸ்தானும் சரி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தாத்தா ஏன் 1946இலேயே திரும்பி வந்தார் என்று எந்த வீட்டிலாவது கேள்வி இருந்தால், இந்தத் தேதிகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

1950களின் கடைசியில் கடற்படை மறுபடி சூலூருக்கு வந்தது, இம்முறை ஜெட் விமானங்களோடு. 1961 செப்டம்பர் 5 அன்று ஐ.என்.எஸ். ஹன்சா விமானத்தளம் அங்கேதான் முறைப்படி தொடங்கியது. அதே ஆண்டில்தான் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலும் படையில் சேர்ந்தது. கோவா இந்தியாவோடு சேர்ந்த பின், 1964 ஜூனில் ஹன்சா அங்குள்ள டாபோலிமுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சூலூர் இன்று விமானப்படையிடம் இருக்கிறது. அங்கேயும் ஒரு பழுதுபார்ப்புத் தளம் உண்டு. கடற்படைக்கு நகருக்குள் ரெட் ஃபீல்ட்ஸில் ஐ.என்.எஸ். அக்ரனி மிஞ்சியது. மூத்த மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி தரும் இடம்.

2022க்கு முன் சேர்ந்த மாலுமிக்குக் குறைந்தது 15 ஆண்டுப் பணி இருந்தால் ஓய்வூதியம் உண்டு. அப்படி 18 வயதில் சேர்ந்தவர் 33 வயதில் ஊருக்கு வந்துவிடலாம். மற்றவர்கள் வாழ்க்கையில் காலூன்றும் வயதில் இவர் 'ரிட்டையர்டு'! கொங்குப் பக்கத்தில் அவர் எந்தப் படையில் இருந்தாலும் வீட்டுக்குப் பெயர் 'மிலிட்டரிக்காரர் வீடு'தான். நேவி என்று விளக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிடுவார். பென்ஷன் சோறு போடும், ஆனால் முப்பத்து மூன்று வயது ஆளைத் திண்ணையில் உட்கார வைக்காது. கப்பலில் மின்பிரிவில் இருந்தவர் மோட்டார் வைண்டிங் கடை போடலாம். எஞ்சின் அறையில் இருந்தவருக்கு மில்லின் பாய்லரும் கம்ப்ரசரும் காத்திருக்கும்.

எஞ்சின் அறை வேலை எப்படிப்பட்டது என்பதற்கு 1971 இந்திய-பாகிஸ்தான் போர் சாட்சி. விக்ராந்தின் கொதிகலன் டிரம்மில் விரிசல் கண்டிருந்தது. வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல். மாற்று டிரம் உள்நாட்டில் கிடைக்கவில்லை. அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து அதே கப்பலை வங்கக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. படத்தில் வருபவர்கள் பைலட்டுகள். அந்தக் கொதிகலனைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டவர்களை எந்தப் படத்திலும் காணோம்.

அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கிப் பாருங்கள். சான்றிதழில் 'ராயல்' என்ற சொல் இருந்தால் அது 1950 ஜனவரி 26க்கு முந்தைய காகிதம். போர்க்காலப் புகைப்படத்தில் தொப்பி நாடாவில் கப்பல் பெயரைத் தேட வேண்டாம். எதிரிக்குத் தெரியக் கூடாதென்று 'எச்.எம்.ஐ.எஸ்.' என்ற எழுத்துகளை மட்டும் போட்டிருப்பார்கள். 1971 போருக்கான சங்கிராம் பதக்கம் கிடைத்தால், விளிம்பைத் துடைத்துவிட்டு உருப்பெருக்கியால் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

அந்த எண்தான் முக்கியம். மாலுமிகளின் பணிப் பதிவுகள் மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால், கோவையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். எண் இல்லாமல் வெறும் பெயரோடு போனால் சிரமம்தான். பழனிசாமி, சுப்பிரமணியம், ராமசாமி என்று கொங்கு நாட்டில் எத்தனை பேர்! பற்றாததற்கு, ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார். 'எங்க அப்பாரு நேவில இருந்தாருங்க' என்பதோடு அவர் பிறந்த ஊர், தகப்பனார் பெயர், சேர்ந்த ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். ஆத்தா இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவில் வந்தார் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கும்.