மொய் நோட்டும் பூட்டனாரும்



இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கூலியாளின் கொள்ளுப்பேத்தி தன் முன்னோரைத் தேடக் கிளம்பினால் முதலில் கை வைப்பது காகிதத்தில்தான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயப் பங்கும் எழுதி வைக்க வேண்டும் என்று அங்கே 1538-இலேயே உத்தரவாகிவிட்டது. 1837-இல் அரசே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது. 1841 முதல் குடிக்கணக்கில் வீட்டிலுள்ளவர் ஒவ்வொருவர் பெயரும் உண்டு. நூறு வருஷம் ஆனதும் அதை யாரும் பார்க்கலாம். பட்டமோ பங்களாவோ இல்லாதவருக்கும் அங்கே வம்ச வரலாறு கிடைப்பது இப்படித்தான்.

நம் விருதுநகர், சிவகாசிப் பக்கம் அதே வழியில் போனால் முதல் வாரத்திலேயே கால் வலிக்கும். இங்கேயும் 1871 முதல் குடிக்கணக்கு உண்டு. ஆனால் தொகை மிஞ்சியதே தவிர, பெயர் எழுதிய தாள் மிஞ்சவில்லை. 1899-இல் சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. பழைய பிறப்புப் பதிவைத் தேடிப் பிடித்தாலும் பெரும்பாலும் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பேர் வைப்பதற்கு முன்பே பதிவு முடிந்துவிடுகிறதே! போகவேண்டிய அலுவலகமும் ஒன்றல்ல. 1910 வரை சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலி ஜில்லா. பிறகு ராமநாதபுரம். 1985 முதல்தான் தனி மாவட்டம். தாத்தா ஊரைவிட்டு நகரவே இல்லை, அவர் காகிதம் மட்டும் மூன்று மாவட்டம் பார்த்திருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சற்று வசதி. ராக்லாந்து என்ற பாதிரியார் 1858-இல் சிவகாசியில்தான் காலமானார். அவர் காலத்து மிஷன் வழிவந்த சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதும் பழக்கம் உண்டு. மற்றவர்களுக்கு? என் அபிப்பிராயத்தில், நம் பக்கத்தின் தலையாய ஆவணம் தாலுகா ஆபீஸில் இல்லை. வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் இருக்கிறது. அதுதான் மொய் நோட்டு.

வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதனால் பாகப் பிரிவினையில் அண்டா குண்டானைப் பிரித்துக்கொள்பவர்கள்கூட மொய் நோட்டைத் தொலைப்பதில்லை. அதை எழுதும் முறையும் தேடுபவருக்கென்றே அமைந்தது போலிருக்கும்: ஊர் முதலில், அப்புறம் தகப்பன் பெயரோடு ஆள், பிறகு தொகை. ஊரில் பத்து மாரியப்பன் இருந்தால் பட்டப்பெயரும் சேரும். 'பருத்தி மண்டி', 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று. தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம்தானே. ஒரே ஆள் 1950-களின் கல்யாணத்தில் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தான், பத்து வருஷம் கழித்து வந்த காதுகுத்தில் சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ்காரர் என்று வந்தால், வானம் பார்த்த கரிசலை விட்டு ஒரு குடும்பம் டவுனுக்கு வந்த கதை அந்த இரண்டு வரியில் இருக்கிறது. எந்த அரசுப் பதிவேடும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

அடுத்தது குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. மாசி சிவராத்திரிக்குக் கூடுகிற பங்காளிகளில் யார் வரி கொடுத்தார், யார் பாக்கி என்று வருஷா வருஷம் எழுதுவார்கள். ஒரு வருஷம் தகப்பன் பெயர் நின்று மகன் பெயர் ஏறியிருந்தால், இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். பழைய கிரயப் பத்திரங்களும் நல்லவை. திருநெல்வேலிச் சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, அதன் பிறகு 825 கூட்டிக்கொண்டால் ஆங்கில வருஷம். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வாத்தியார் தோதாக வைத்த பிறந்த நாளால் ஒரு தலைமுறையே கோடையில் பிறந்தது போலத் தெரியும்.

இந்த ஆவணங்களின் குறையையும் சொல்ல வேண்டும். மொய் நோட்டு, மொய் செய்யக் கையில் காசு இருந்தவர்களின் பதிவு. கிரயப் பத்திரம், நிலம் இருந்தவர்களின் பதிவு. வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிய, கட்டை அடுக்கிய பெண்கள் இரண்டிலும் இல்லை. ஏழைக் குடும்பத்தின் முழு விவரமும் ஓரிடத்தில் கிடைப்பது, பல சமயம், பட்டாசு விபத்துக்குப் பிறகுதான். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி போட்ட மனுவில் மனைவி, பிள்ளைகள், வயதான தாய் என்று வாரிசுகளின் பெயரும் வயதும் வரிசையாக இருக்கும். அந்தக் காகிதக் கட்டைப் பிரிக்கும்போது சந்தோஷப்பட முடியாது. ஆனாலும் பிரிக்கத்தான் வேண்டும்.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணுக்குப் பெட்டியில் பாவாடை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை கும்பிடும் வீடுகள் தெற்கே இன்றும் உண்டு. எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத பெண், கும்பிடுகிறவர்கள் வாயில் பெயரோடு இருக்கிறாள். அதைப் பக்திக் கணக்கில் மட்டும் விட்டுவிடாமல் வம்சக் கணக்கிலும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு ஆபத்து, ராஜ வம்சம். தேட ஆரம்பித்த சிலர் நான்காம் தலைமுறையோடு காகிதம் தீர்ந்ததும் ஒரே தாவாகப் பாண்டிய மன்னரிடம் போய் நிற்கிறார்கள். சாதிப் பெருமைப் புத்தகம் வேறு அதற்கு ஏணி போட்டுக் கொடுக்கும். பூட்டனார் வண்டி மாட்டை அடமானம் வைத்த கடன் பத்திரம் கிடைத்தால் அதை ஒளித்துவைக்கிறவர், என்னைக் கேட்டால், தேடியதே வீண்.

வெளிநாடு போனவர்கள் கதை வேறு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்குத் தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா, உடம்பிலுள்ள தழும்பு வரை பட்டியல் இருக்கிறது. கரிசலில் தங்கிப்போன அண்ணனுக்கு அந்த அளவு பதிவு கிடையாது. கப்பலேறிய தம்பிக்கு உண்டு. அங்கிருந்து பேரப்பிள்ளைகள் ஊர் பெயரை வைத்துக்கொண்டு தேடி வந்தால், பொருத்திப் பார்க்க இங்கே யாரிடமாவது ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டியிடம், 'தாத்தாவோட அப்பா யாரு?' என்று கேட்காதீர்கள். பேரனுக்குப் பாட்டன் பெயரையே வைக்கும் வழக்கத்தில் எல்லாம் குழம்பிவிடும். 'எந்த ஊர்ல பொண்ணு எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம், யார் கல்யாணத்துல தாய்மாமன் சீர் செய்ய வரலே, ஏன் வரலே?' என்று கேளுங்கள். சண்டை நடந்த கல்யாணம் யாருக்கும் மறப்பதில்லை. சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் சின்னப் பாட்டி வேறு மாதிரி சொல்வார்; அதையும் அடிக்காமல் கீழே எழுதுங்கள்.