‘போரடிக்குது’ன்னு பிள்ளை சொன்னா...

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்த உளவியல் ஆலோசகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அரை நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கிறவங்களும் இங்கே இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

உங்க வீட்டுல ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘போரடிக்குது’ன்னு சொல்றாங்க? நாம அதுக்கு என்ன பதில் சொல்றோம்? ‘புத்தகத்தை எடுத்துப் படி.’ ‘எங்களுக்கெல்லாம் போரடிக்க நேரமே இருந்ததில்லை.’ அதுவும் இல்லைன்னா, தொல்லை தாங்காம நம்ம போனை எடுத்துக் கையில கொடுத்துடுறோம்.

நானும் அதைத்தான் செஞ்சேன். என் மகள் அப்போ பதினொன்றாம் வகுப்பு. கூடப் படிச்ச தோழிகள் எல்லாரும் வேற பள்ளிக்குப் போயிட்டாங்க. ‘போரடிக்குதும்மா’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. போகப் போகச் சரியாகும்னு விட்டுட்டேன். கோலம்னா அவளுக்கு உயிர். மார்கழியில எனக்கு முன்னாடி எழுந்துடுவா. அந்த வருஷம் மார்கழி வந்துச்சு, கோலப்பொடி டப்பாவை அவ திறக்கவே இல்லை. என் அம்மாதான் கேட்டாங்க, ‘என்னடி, பிள்ளை வாசலுக்கே வரலையே?’ன்னு. நாள் முழுக்க மத்தவங்க பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ற எனக்கு, என் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எழுபது வயசுப் பாட்டி தேவைப்பட்டாங்க.

அவளுக்கு இருந்தது போர் இல்லை, மனச்சோர்வு. சிகிச்சை எடுத்தோம், பல மாசம் ஆச்சு. இப்போ கல்லூரியில படிக்கிறா. இதை இங்கே சொல்ல அவகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்.

உடனே பயந்துடாதீங்க. போரடிக்கிறது நோய் இல்லை. சும்மா இருக்கிறது யாருக்குமே கஷ்டம்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஆட்களைத் தனித்தனியா வெறும் அறையில 15 நிமிடம் உட்கார வெச்சாங்க. போன் இல்லை, புத்தகம் இல்லை. ஒரு பட்டன் மட்டும் இருக்கும், அழுத்தினா லேசா ஷாக் அடிக்கும். இந்த ஷாக் வேண்டவே வேண்டாம், அதைத் தவிர்க்கக் காசு கூடத் தருவோம்னு முன்னாடி சொன்னவங்கதான் அவங்க. ஆனா 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அந்தப் பட்டனைத் தாங்களே அழுத்தினாங்க! பெரியவங்க பாடே இப்படின்னா, பதினஞ்சு வயசுப் பையன் ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே இருக்கிறதுல ஆச்சரியம் என்ன?

சாதாரண போருக்கு நாம எதுவும் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரம் போரடிக்கட்டும். தானா எழுந்து சைக்கிளைத் துடைப்பான், எதையாவது கழட்டி மாட்டுவான்.

மனச்சோர்வு வேற மாதிரி. வித்தியாசம் எப்படித் தெரியும்? ‘போரடிக்குது’ன்னு படுத்திருக்கிற பையனை வாசல்ல இருந்து நண்பன் ‘டேய், மேட்ச் இருக்குடா’ன்னு கூப்பிட்டா, செருப்பைக் கூட மறந்துட்டு ஓடுறானா? அப்போ அது சாதாரண போர். கூப்பிட்டும் வரலை, பிடிச்ச பிரியாணியை வெச்சா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுந்துடுறான், முன்னாடி உயிரா இருந்த எதுவுமே இப்போ வேண்டாம்ங்கிறான். இது ரெண்டு வாரத்துக்கு மேலே, கிட்டத்தட்ட தினமும் இருந்தா கவனிக்கணும்.

பெரியவங்களுக்கு மனச்சோர்வுன்னா முகம் வாடும், அழுவாங்க. வளரிளம் பருவத்துல அது கோபமாவும் வரும். எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுவாங்க. நாம அதைத் திமிர்னு நினைச்சுடுறோம். அடிக்கடி தலைவலி, வயித்துவலி, ராத்திரி தூக்கம் இல்லாம இருக்கிறது, மார்க் குறையறது, இதெல்லாம் கூடவே வரலாம். உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

போனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ‘எல்லாம் இந்தப் போனாலதான்’னு பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டுறவங்க உண்டு. நேர வரம்பு வைங்க, ராத்திரி தனியா எடுத்து வைங்க, தப்பில்லை. ஆனா மனசு சரியில்லாத பிள்ளைக்கு அந்தப் போன்லதான் பேச ஒரு ஆள் மிச்சம் இருக்கலாம். முதல்ல பிள்ளைகிட்ட பேசுங்க.

எதிர்ல உட்கார வெச்சு ‘ஏன் இப்படி இருக்கே?’ன்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லை’ன்னுதான் பதில் வரும். பைக்ல பின்னாடி உட்கார வெச்சுப் போகும்போது கேளுங்க, சேர்ந்து வெங்காயம் உரிக்கும்போது கேளுங்க. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லைன்னா பேச்சு வரும். ‘எப்போதிலிருந்து இப்படிப் போரடிக்குது?’ன்னு மட்டும் கேட்டுட்டு, புத்திமதி சொல்லாம இருங்க. அதுதான் நமக்குக் கஷ்டம்!

‘நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி’ன்னு பிள்ளை சொன்னா, மிரட்டுறான்னு தள்ளிவிடாதீங்க. ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ‘ஆமா’ன்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னிக்கே மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கு.

ஊருக்குத் தெரிஞ்சிடுமோன்னு பலர் தயங்குறீங்க. சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கணும்னு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்லுது.

இப்போ எல்லாரும் போனை எடுங்க. 14416. இது டெலி மானஸ் எண், தமிழ்நாட்டுல ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைன்னா மனநல மருத்துவர்கிட்ட இணைப்பாங்க. பிள்ளைக்காக நீங்களே கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேட்கலாம். சேமிக்கக் கூச்சமா இருந்தா ‘நட்பு’ன்னு பேர் போட்டுக்கோங்க. பிள்ளைங்க போன்லயும் சேமிச்சுக் கொடுங்க. உங்களுக்குச் சொல்லாம அவங்க கூப்பிட்டிருந்தா, கோபப்படாதீங்க.

இன்னும் ஒரு மணி நேரம் நான் அந்த வேப்பமரத்தடியிலதான் இருப்பேன். தனியாப் பேசணும்னு நினைக்கிறவங்க அங்கே வாங்க.