அஞ்சறைப் பெட்டியும் ஒரு கவிதையும்



பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் மடவை மீனை அரிந்து கழுவும் பெண்ணின் கை முதலில் மஞ்சள்தூளைத்தான் தேடும். பிறகுதான் புளி, மிளகு, பூண்டு எல்லாம். நறுமணப் பொருள்களுக்கும் இவ்வூருக்கும் உறவு பழையது. 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலத் துணிகளைக் கீழைத் தீவுகளுக்குக் கப்பலேற்றி, மாற்றாக மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெற்றார்கள். அன்று மணத்துக்கு விலை கொடுத்த உலகம் இன்று அவற்றிடம் மருந்தைக் கேட்கிறது.

கேட்பதில் தவறில்லை. மஞ்சளின் குர்குமின் 1815லேயே பிரித்தெடுக்கப்பட்டது. மஞ்சள் சாறு புற்றுநோய் உயிரணுக்களை அழிப்பதைச் சோதனைக்கூடத்தில் கண்டு 1985இல் வெளியிட்டவர்கள் நம் அண்டை வீட்டார்தாம். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தினர். ஆனால், உண்ட குர்குமின் குருதியில் சேர்வது மிகச் சொற்பம். மிளகின் பைப்பரினைக் கூட்டினால் அது இருபது மடங்காகிறது என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினர். மிளகும் மஞ்சளும் ஒரே குழம்பில் கொதிப்பதை எண்ணி நாம் பூரித்தோம். ஒரு கணக்கை மட்டும் மறந்தோம். அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. அறுபது, எழுபது கிராம் மஞ்சளைக் கொட்டிய குழம்பை யார் வாயில் வைப்பார்? மனிதரிடம் இது புற்றைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை.

என் சித்தி, இறால் கூடை சுமந்து பொன்னேரி வரை போய் விற்று வந்தவர். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் அவருக்கு நடை ஓடும். கன்னத்தின் உள்ளே ஆறாத புண் வந்தபோது எட்டு மாதம் மஞ்சளையே குழைத்துப் பூசினார். அந்த நாளில் நம் மன்றத்தில் நான் ‘மஞ்சளிருக்க மரணமேது’ என்று ஒரு கவிதை படித்திருந்தேன். தம்பி மகன் பாடியது என்று—அக்காள் மகன்தான் நான், அவருக்கு எல்லாரும் தம்பிதான்—ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் முதலில் கேட்டது, புகையிலை எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதைத்தான். தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போதும் அவர் வீட்டு மீன்குழம்பில் மஞ்சள் உண்டு. காரந்தான் அவர் வாய்க்கு ஆகவில்லை.

பத்தாண்டு மலருக்கு அந்தக் கவிதையைக் கேட்டார்கள். தரவில்லை. அதற்கு ஒதுக்கிய பக்கத்தில் இவ்வுரையை அச்சிடக் கேட்டுக்கொண்டேன்.