நத்தம் காலனியிலிருந்து சீனாவைப் பார்ப்போம்



சீனாவின் அதிவேக ரயிலையும் ஷென்சென் நகரத்துக் கட்டடங்களையும் செல்பேசியில் பார்த்துவிட்டு, "நாம் ஏன் இப்படி ஆகவில்லை?" என்று கேட்கிறோம். அதே கேள்வியைத் தருமபுரியில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்ததில் வாங்கிய டிவி, பீரோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் சாம்பலாயின. சொல்லப்பட்ட காரணம், ஒரு காதல் திருமணம். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

நவீனப் பொருட்கள் அந்த வீடுகளுக்குள் வந்திருந்தன. ஆனால் நிலம் யாருக்கு, யார் யாரை மணக்கலாம் என்ற இரண்டையும் சாதியே முடிவு செய்துகொண்டிருந்தது.

சீனா தொட்டது அந்த இரண்டையும்தான். 1950 மே மாதம் திருமணச் சட்டம்: பெற்றோர் கட்டாயம் செல்லாது, இருவர் சம்மதம் போதும். ஜூன் மாதம் நிலச் சீர்திருத்தச் சட்டம்: நிலப்பிரபுக்களின் நிலம் உழுபவருக்கு. தொழிற்சாலைகள் பெருகியது அதன் பிறகுதான்.

அதே 1950இல் நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு நுழைகிறோம் என்று அம்பேத்கர் முன்பே எச்சரித்திருந்தார். இந்து சட்ட மசோதா முடக்கப்பட்டதால் 1951இல் அமைச்சர் பதவியையே உதறினார். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று தமிழ்நாடு சட்டம் இயற்ற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்காகச் சீனாவைக் கும்பிட வேண்டியதில்லை. நிலச் சீர்திருத்தத்தில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். கொடுத்த நிலத்தை 1958க்குள் கம்யூன்கள் விழுங்கின. பின்னால் பெரும் பஞ்சம் வந்தது. அதே ஆண்டு சட்டமான ஹுகோவ் பதிவு முறை, கிராமத்தில் பிறந்தவரின் பிள்ளையையும் கிராமத்தவராகவே எழுதி வைத்தது. பிறப்பை வைத்து உரிமையை அளப்பது நமக்குத் தெரியாத கொடுமையா? அரசை எதிர்த்து இப்படி ஒரு கூட்டம் போடவும் அங்கே வழியில்லை.

நமக்கு அந்த வழி இருக்கிறது. அதை வைத்து என்ன கேட்கப்போகிறோம்? 1892 முதல் ஒதுக்கப்பட்டுப் பறிபோன பஞ்சமி நிலங்களைத் திருப்பிக் கேட்போம். ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச் சட்டம் கேட்போம். இனி யாராவது "வளர்ச்சி" என்று பேசினால், சாதி மாறி மணந்தவர்கள் இந்த ஊரில் அச்சமில்லாமல் குடியிருக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.